ஜெனெத்தா எழுந்துபோன காப்பி

1

இதை எனக்குச் சொன்னவர் சுவாதா டீச்சர். பேருந்தில் சொன்னாரா, பல் மருத்துவரிடம் காத்திருந்தபோதா என்பது சரியாக நினைவில்லை. நடுநடுவே பல இடங்களைத் தாண்டிப் போனார், அது நிச்சயம். அந்த இடைவெளிகளில் நானாக எதை நிரப்பிக்கொண்டேன் என்பதற்கு உத்தரவாதமில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘தூஸ்லா நகரத்தின் உப்பு ஏரிக்கரையில்…’ வேண்டாம். ஏரி வந்தால் கதைக்குள் ஊர் வந்துவிடும், ஜெனெத்தா வரமாட்டாள்.

2

ஜெனெத்தாவுக்குப் பத்தொன்பது வயது. சிறப்புப் பள்ளியில் கடைசி ஆண்டு. எந்த வேலையையும் செய்வாள். அடுத்து எது என்பதுதான் நினைவிலிருந்து நழுவிவிடும். அதனால் டீச்சர் ஒரு விடுதியின் சலவையறை வேலையை அவளுடைய கைப்பேசியில் படம்படமாக ஏற்றினார். அந்தந்த நேரத்துக்கு, காதில் மாட்டிய இயர்போனில் டீச்சர் பதிந்துவைத்த குரல் ஒலிக்கும்: ‘இப்போது விரிப்புகளை எடு.’ ஒரு மாதம் வெள்ளோட்டம். சலவையறைத் தலைவி ஹாய்ரா சரி என்றால் நிரந்தர வேலை. இல்லையென்றால் பள்ளி முடிந்ததும் வீடு, சன்னல், அவ்வளவுதான்.

(டீச்சரை நான் கொஞ்சம் நல்லவராகவே எழுதிவிடுகிறேன். அவர் பிடிவாதக்காரர். வாசகர் கழித்துக்கொள்ளவும்.)

3

மூன்றாம் வாரம் ஹாய்ரா டீச்சரைக் கூப்பிட்டனுப்பினார்.

“வேலையில ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா இவ நமக்கு ஒத்துவர மாட்டா டீச்சர்.”

“ஏன், என்ன பண்ணினா?”

“காலையில காப்பி ஊத்துறோம். எல்லாரும் உக்காருறோம். இவ ஒரு வாய் குடிப்பா, படக்குனு எந்திரிச்சுப் போயிடுவா. தினமும்!”

இஸ்திரி மேசையிலிருந்து ஃபிக்ரெத்தா சிரித்தாள். “எங்க காப்பியில எலி மருந்து கலந்திருக்குன்னு நெனச்சுட்டா போல.”

டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் துவைப்பதை ஏற்றியிருந்தார், உலர்த்துவதை, மடிப்பதை ஏற்றியிருந்தார். காப்பி வேலையில்லை என்று விட்டுவிட்டார். காப்பி நேரத்தில்தான் காதுக்குள் அந்தக் குரல் விரிப்புகளை எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. அவரே காப்பியில்லாமல் ஒரு வகுப்பைத் தொடங்கியதில்லை.

“இன்னைக்கே காப்பிப் படம் ஒண்ணு சேர்த்துடறேன்,” என்றார்.

“வேணாம் டீச்சர்,” என்றாள் பக்கத்தில் விரிப்பு மடித்துக்கொண்டிருந்த ஜெனெத்தா.

“ஏன்டா கண்ணு?”

“காப்பிக்குப் படம் வேணாம்.”

(இங்கே ஒரு நீண்ட விளக்கம் எழுதியிருந்தேன், சுதந்திரம் என்பது… அடித்துவிட்டேன்.)

4

மறுநாள் காப்பி நேரத்தில் அவள் காதிலிருந்த இயர்போனைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். சர்க்கரைக் கட்டியைக் காப்பியில் தோய்த்துக் கடித்தாள். ஃபிக்ரெத்தா தன் மருமகனைத் திட்டும் கதையைக் கடைசிவரை கேட்டாள். கோப்பைகள் கழுவியாயிற்று. எல்லோரும் எந்திரங்களிடம் போய்விட்டார்கள். ஜெனெத்தா மட்டும் உட்கார்ந்தே இருந்தாள். கழற்றியதைத் திரும்ப மாட்டிக்கொள்ள நினைவில்லை.

அன்றும் வந்து கதவருகே நின்ற டீச்சர் போய்ச் சொல்லிவிடத் துடித்தார். போகவில்லை.

ஒரு வரைவில் ஹாய்ராவுக்குக் கண் கலங்கியது. பொய்; ஹாய்ரா அப்படிப்பட்டவர் இல்லை. இன்னொன்றில் ஜெனெத்தா தானாகவே எழுந்தாள். அது என் ஆசை. நடந்ததாக டீச்சர் சொன்னது இதுதான்:

“அடியே மகாராணி, பல்லக்கு வரணுமா? எந்திரிடி!” என்று கத்தினாள் ஃபிக்ரெத்தா.

“வரேன் அத்தை, கத்தாத,” என்று எழுந்தாள் ஜெனெத்தா.

காதுக்குள் ஒலித்த டீச்சரின் குரலை அவள் ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை.

ஹாய்ரா இதைப் பார்த்து என்ன நினைத்தார் என்று கேட்டேன். டீச்சர் பேச்சை மாற்றிவிட்டார். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

5

முடிவு என்று எழுத என்னிடம் ஒன்றுமில்லை. யார் என்ன ஆனார்கள் என்பது தெரியும். ஹாய்ரா முழங்கால் வலியோடு ஓய்வுபெற்றார். ஃபிக்ரெத்தா ஆஸ்திரியாவிலுள்ள மகனிடம் போய்விட்டாள். டீச்சர் இன்னும் கற்பிக்கிறார். ஜெனெத்தா அதே சலவையறையில் நிரந்தர வேலையில் இருக்கிறாள். புது எந்திரம் வந்தால் படங்களைத் தானே எடுத்து, தன் குரலிலேயே பதிந்துகொள்கிறாள். காப்பி முடிந்தால் யாராவது எழுப்ப வேண்டியிருக்கிறது. எழுப்புகிறார்கள்.