நூறு மீட்டர், தையல்காரர் அளவில்

மகள் நன்றாக ஓடுகிறாள் என்று தையல்காரருக்குத் தெரிந்த நாளிலிருந்து, சட்டைக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது. கையைத் தூக்கச் சொல்வார். தூக்கிய கை அப்படியே நிற்க, பேச்சை ஆரம்பித்துவிடுவார்.

"நம்ம சிட்டு நூறு மீட்டரைப் பதினாறு செகண்டுல ஓடுறா சார். அவ ஸ்கூல்ல நாலாம் வகுப்பு ரெக்கார்டே பதினாறரைதான்."

"கையை இறக்கலாமா?" என்றார் தபால் ஆபீஸ் கிளார்க்.

"இருங்க. இந்த ஓட்டமெல்லாம் அவங்க அம்மா வழியில வந்ததில்ல. எங்க வழி."

அவர் வழியில் பஸ்ஸைப் பிடிக்கக்கூட யாரும் ஓடியதில்லை என்பது தடுப்புக்குப் பின்னால் காஜா எடுத்துக்கொண்டிருந்த மனைவிக்குத் தெரியும். நூலைப் பல்லால் நறுக்கென்று கடித்தாள்.

பதினாறு செகண்டு வாய்க்கு வந்தபடி சொன்னதல்ல. கடைக்கு முன்னாலுள்ள தெருவை அவரே தம் டேப்பால் அளந்திருந்தார். அறுபது அங்குல டேப். இருபது வருடமாக அவர் கழுத்தை விட்டு இறங்காதது. அறுபத்தைந்தரை முறை போட்டால் நூறு மீட்டர் என்று கணக்குப் பார்த்து, இடுப்பு விட்டுப்போகக் குனிந்து குனிந்து போட்டு, முடிந்த இடத்தில் சாக்கட்டியால் கோடு கிழித்தார். விடிந்ததும் சிட்டு அதில் ஓடுவாள். அவர் கைபேசியில் நேரம் பார்ப்பார்.

பள்ளிக்கூடப் பந்தயத்தன்று கடையைச் சாத்திவிட்டு, கிளார்க்கையும் கையோடு இழுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனார். ஆறு பிள்ளைகள் ஓடினார்கள். சிட்டு நாலாவதாக வந்தாள். நேரம் பதினேழு செகண்டு.

தையல்காரருக்கு முகம் தொங்கிப்போனது. ஆனால் ஒரு நிமிடம்தான்.

"ஓடினவ மேல தப்பில்ல. கோடு தப்பு," என்றார்.

"கயித்தால அளந்துதான் சார் போட்டேன்," என்றார் பி.டி. வாத்தியார். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாதவர்.

"கயிறு இழுத்தா நீளும். கயித்தால அளந்து நான் பேன்ட் வெட்டினா நீங்க போட்டுக்குவீங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் தெம்பு வந்து, கழுத்திலிருந்த டேப்பை உருவி, ஆரம்பக் கோட்டிலிருந்து உரக்க எண்ணியபடியே அளந்துகொண்டு போனார். அறுபத்தொன்பதில் வந்து முடிந்தது.

"நூத்தஞ்சு மீட்டர். பச்சப் புள்ளைங்கள அஞ்சு மீட்டர் கூடுதலா ஓட விட்டிருக்கீங்க."

வாத்தியாருக்கு வேர்த்துவிட்டது. "அளவு உங்க தொழில். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். கோட்டை மாத்திப் போட்டு இப்பவே மறுபடி ஓட விட்டுடலாம்," என்று சுண்ணாம்பு வாளியைத் தூக்கினார்.

"அதான் நியாயம்," என்றாள் ஐந்தாவதாக வந்த பெண்ணின் அம்மா.

சிட்டு அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வேணாம்ப்பா."

"பயப்படாத. இப்ப பாரு, முதல்ல வருவ."

"முதல் நாலு பேருதான்ப்பா ரிலே டீம். நான் வந்துட்டேன். அஞ்சாவதா வந்தாளே, அவ எப்பவும் எனக்கு முன்னாடிதான் வருவா. இன்னைக்குக் கால் தடுக்கிடுச்சு. மறுபடி ஓடினா நான் அஞ்சாவதுதான்." அதற்குள் அவள் கண் கலங்கிவிட்டது.

டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்த தையல்காரரின் கட்டைவிரல் அதன் முனைக்கு வந்தது. ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் நாலு இருந்தது. ஏழெட்டு வருடத்துக்கு முன் முனையிலிருந்த பித்தளைத் தகடு விழுந்து நூல் பிரிந்தபோது, மூன்று அங்குலத்தைக் கத்திரியால் நறுக்கிப் போட்டவர் அவரேதான். புது டேப் வாங்கும்வரைக்கும் என்று நறுக்கியது. அளப்பதும் வெட்டுவதும் அதே டேப் என்பதால் ஒரு சட்டைகூட அளவு தப்பவில்லை, அவரும் மறந்துவிட்டார். தெருவைத்தான் அதனால் வெட்ட முடியாமல் போயிற்று. அவர் நூறு மீட்டர் என்று சொன்னது தொண்ணூற்றைந்து.

யாரும் பார்க்கவில்லை. பேசாமல் சுருட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டால் இருபது வருடத்துப் பேர் அப்படியே இருக்கும். வாத்தியார் புதுக் கோட்டுக்குச் சுண்ணாம்பைக் கொட்ட ஆரம்பித்திருந்தார்.

"வாத்தியாரே, நில்லுங்க," என்றார். டேப்பின் முனையைத் தூக்கிக் காட்டினார். "உங்க கயிறு சரிதான். என் டேப்புதான் மூணு அங்குலம் குட்டை."

கூட்டம் அவரையும் டேப்பையும் மாறி மாறிப் பார்த்தது. கிளார்க் மெதுவாக வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப என் இடுப்பு?"

"முப்பத்தெட்டுன்னு சொன்னேன் இல்ல, அது முப்பத்தஞ்சு."

"அதைக் கேட்டுட்டு நாலு வருஷமா ராத்திரி சாப்பாட்டை விட்டிருக்கேன்யா."

மைதானமே சிரித்தது. இந்தத் தடவை சிரிப்பு யாரைப் பார்த்து என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டார். வாத்தியார் வாளியைக் கீழே வைத்துவிட்டு ரிலே அணியில் நாலு பெயரையும் எழுதினார்.

மூவரும் வீட்டுக்கு நடந்தார்கள்.

"ரிலேல நீ எத்தனாவதா ஓடணும்?" என்று கேட்டார் தையல்காரர்.

"மூணாவதா."

பத்தடி நடந்திருப்பார். கிளார்க் பக்கம் திரும்பினார். "விவரம் தெரியாதவங்கதான் சார் கடைசி ஆளைப் பார்ப்பாங்க. ரிலேக்கு உயிரே மூணாவது ஆளுதான்."

"அப்படியெல்லாம் இல்லப்பா," என்றாள் சிட்டு. "கட்டையைக் கீழ போடாம அடுத்த ஆளுகிட்ட குடுத்தா போதும்னு வாத்தியார் சொன்னாரு."

"கேட்டுக்கிட்டீங்களா?" என்றார் தையல்காரர். "அது எல்லாராலயும் முடியிற காரியமா?"