நன்றி சொல்லக் கூடாத செடி

"ரொம்ப தேங்க்ஸ் அண்ணி" என்று கார்னெட் சொன்னதுதான் தாமதம், வெர்னாவின் முகம் சுண்டிப்போயிற்று.

"போச்சு! வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியாதா உனக்கு? செடி வாங்கிட்டு யாராவது தேங்க்ஸ் சொல்லுவாங்களா? இனி அது எங்க பொழைக்கப்போகுது!"

அமெரிக்காவின் வட கரோலினா மலைப்பக்கம் பிறந்த எவருக்கும் பால்குடி மறக்குமுன்பே தெரிந்த சங்கதி இது. செடியை வாங்கிக்கொள், தலையை ஆட்டு, கிளம்பு. நன்றி சொன்னால் பட்டுப்போகும். கார்னெட்டோ கடலோரத்துப் பெண். யார் எதைக் கொடுத்தாலும் நன்றி சொல்ல வேண்டும் என்று அடித்து வளர்த்திருந்தார்கள்.

அதுவும் இந்தச் செடிக்கு எப்படிச் சொல்லாமல் இருப்பாள்? மூன்று இலை, அதன்மேல் மூன்று வெள்ளை இதழ் விரிக்கும் டிரில்லியம். வெர்னா வீட்டுச் சரிவில், ஓக் மர நிழலில், ஏப்ரலில் அது பூத்தால் சர்ச் முடிந்து ஊரே வந்து பார்த்துவிட்டுப் போகும். கெஞ்சினாலும் ஒரு கிழங்கு தரமாட்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கார்னெட்டைக் "கடலோரக்காரி" என்றே கூப்பிட்டவள், பூ ஓய்ந்த மே மாதக் காலை ஒன்றில் தானாகவே ஒரு தூரைப் பெயர்த்து, செய்தித்தாளில் சுற்றித் தம்பி பெண்டாட்டி கையில் கொடுத்தாள். நாத்தனார் கையால் கிடைத்த முதல் பொருள் அது. இது செத்தால் இரண்டாவது ஒன்று கிடைக்கப்போவதில்லை என்று கார்னெட்டுக்கு நன்றாகவே தெரியும்.

"செடிக்கு என்ன காதா இருக்கு? பொழைக்க வச்சுக் காட்டுறேன், பாருங்க."

தன் வீட்டுக்கு வடக்கே, பெரிய பாப்லர் மரத்தடியில் மக்கிய சருகைக் கலந்து நட்டாள். ஜூன் பிறக்குமுன்பே இலை மஞ்சளடித்துக் காணாமல் போயிற்று. அடுத்த வசந்தத்தில் அந்த இடம் மொட்டையாகக் கிடந்தது. வெர்னா சும்மா இருப்பாளா? சர்ச் விருந்தில் பீன்ஸ் பரிமாறிய கையோடு, "தேங்க்ஸ் சொல்லியே கொன்னுட்டா மகராசி" என்பதையும் தட்டுக்குத் தட்டு பரிமாறினாள்.

"எடம் காலியாத்தானே கெடக்கு, வேற ஏதாவது வச்சுரலாமா?" என்றான் கணவன் ஆர்வில்.

"மண்வெட்டியோட அந்தப் பக்கம் வந்தீங்க, உங்களையும் சேத்து நட்டுருவேன். அது சாகல. கோவிச்சுக்கிட்டு உள்ள உக்காந்திருக்கு, உங்க அக்கா மாதிரி."

ஆர்வில் சருகு ஊதும் இயந்திரத்தைத் தூக்கிவந்த நாளிலும் அவள் குறுக்கே நின்று விரட்டினாள். அதற்கும் மறுவசந்தத்தில் விரல் நீளத்துக்கு ஒரு தண்டு, மூன்று இலை. பூ இல்லை. கார்னெட் யாரிடமும் மூச்சு விடவில்லை. மான் வாய் வைக்காதிருக்கக் கம்பிக்கூண்டு கவிழ்த்தாள். வருஷத்துக்கு வருஷம் தூர் பெருத்தது, பூவும் வந்தது. அவர்கள் கொல்லைப்பக்கம் வெர்னா எட்டிப் பார்க்கிறவள் இல்லை.

இந்தக் குளிர்காலத்தில் காட்டுப்பன்றிக் கூட்டம் வெர்னாவின் சரிவை உழுது போட்டுவிட்டது. ஒரு கிழங்கு மிஞ்சவில்லை. ஏப்ரல் வந்தும் வெர்னா சர்ச்சுக்குத் தலைகாட்டவில்லை. 'நல்லா வேணும்' என்று கார்னெட்டுக்கு ஒரு நொடி தோன்றியது நிஜம். அந்த ஒரு நொடிதான்.

"உங்க அக்காவைக் காபிக்கு வரச்சொல்லுங்க" என்றாள் ஆர்விலிடம்.

கொல்லைப்படியில் வந்து உட்கார்ந்த வெர்னா, கோப்பையை வாங்கும்போதே பாப்லர் மரத்தடியைப் பார்த்துவிட்டாள். தூர் நிறையப் பூ. புதியவை வெள்ளை, முதிர்ந்தவை ரோஜா நிறம். கோப்பையைப் படியில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

"இது என்னோடதா?"

"உங்களோடதா இருந்துச்சு. இப்ப என்னோடது."

"நீதான் தேங்க்ஸ் சொல்லித் தொலைச்சியே!"

"கடலோரக்காரிக்கு அவ்வளவுதான் புத்தின்னு மன்னிச்சிருக்கும்." கார்னெட் மண்வெட்டியை எடுத்தாள்.

"ஏய், பூத்திருக்கையில யாராவது எடுப்பாங்களா? இலை வாடட்டும்."

"அதுவரைக்கும் வெறும் மண்ணைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பீங்களா? பெரிய மண்கட்டியோட எடுத்தா அதுக்குத் தெரியவே தெரியாது. தள்ளுங்க."

பாதித் தூரைப் பெயர்த்துச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தாள். வெர்னா அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். உதடு பிரிந்தது.

"ஐயோ அண்ணி, சொல்லிராதீங்க!"

"யாரு சொல்லப்போறா? எனக்கென்ன பைத்தியமா?" சீறிவிட்டு, தலையை ஓர் ஆட்டு ஆட்டிவிட்டுப் போய் வண்டியில் ஏறினாள். கிளம்பிய வண்டி வேலி மூலையில் நின்றது. கண்ணாடி இறங்கியது.

"கார்னெட்! காபி ரொம்ப நல்லா இருந்துச்சும்மா. தேங்க்ஸ். ரொம்ப ரொம்ப தேங்க்ஸ்."

"இருக்கட்டும் அண்ணி."

வண்டி வளைவைத் தாண்டும்வரை நின்றுவிட்டுக் கார்னெட் கொல்லைக்குத் திரும்பினாள். படியில் வெர்னாவின் கோப்பை வைத்தது வைத்தபடி இருந்தது. காபி ஒரு வாய்கூடக் குறையவில்லை.