புகைகிற பெட்டி

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள் கண்ணுகளா, என் குரல் முன்போல எட்டுவதில்லை. ஒரு பெட்டியின் கதை சொல்கிறேன். மனசு கனத்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தெர்மோகோல் பெட்டியை மார்போடு அணைத்தபடி ஒரு பெரியவர் தன் வீட்டு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார். பஸ் ஓட்டி ஓய்ந்த முழங்கால் கெஞ்சியது. "இன்னிக்குத் தாண்டாதுங்க" என்று காலையில்தான் அவர் மனைவியைப் பார்த்த மருத்துவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அப்படியிருந்தும் மனைவியைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டு அவர் ஆய்வுக்கூடத்துக்கு ஓடியது, மனைவி கேட்டதற்காகத்தான். அங்கே அவள் வேலை பார்த்த பிரிவை அன்றோடு மூடுகிறார்கள். உறைகலன்களைக் காலி செய்கிறார்கள்.

"என்னங்க, அதுங்கள எடுத்துட்டு வந்துடுங்க. வேற எங்கயும் இல்ல."

தனக்கென்று எதையும் கேட்டறியாதவள் கேட்டாள்.

அதுங்கள் என்றால், சின்னக் குப்பிகளில் உறைந்திருந்த உயிரணுக்கள். நோய் உடம்பில் நுழைந்தால் அதை இனம்கண்டு போய் ஒட்டிக்கொள்வது ஆன்டிபாடி என்று கல்யாணமான புதிதில் அவருக்குச் சொல்லித் தந்திருந்தாள். குழந்தைகளைக் கொல்லும் ஒரு காய்ச்சலின் நஞ்சைப் பிடிக்கிற ஆன்டிபாடியை இந்த உயிரணுக்கள் சுரந்தன. பாதி ஆயுசைக் கொடுத்து அவள் வளர்த்தவை. ஞாயிற்றுக்கிழமையும் போய்த் தீனி வைப்பாள். வீட்டில் பிள்ளை இல்லை. ஆய்வுக்கூட வாசலில் காத்திருந்து அவர் கேலி செய்வார்:

"என்ன டாக்டரம்மா, உன் பிள்ளைங்க சாப்பிட்டாச்சா?"

"சாப்பிட்டாச்சு. உங்கள மாதிரி உப்பு பத்தலன்னு குத்தம் சொல்லாதுங்க."

கூட வேலை பார்த்த தோழி சாயங்காலம் வெளியூரிலிருந்து வந்து எடுத்துப்போவதாக ஏற்பாடு. "பெட்டிய மட்டும் திறந்துடாதீங்க மாமா" என்று போனில் சொல்லியிருந்தாள்.

கட்டிலருகே பெட்டியை வைத்தார். உள்ளே போட்டிருந்த டிரை ஐஸின் வெண்புகை மூடியின் இடுக்கில் வழிந்து கட்டில் காலைச் சுற்றியது. தூக்கத்திலேயே அவள் இருமினாள். ஏற்கெனவே மூச்சுக்குத் தவிக்கிறவள்! பெட்டியைச் சமையலறைக்குத் தூக்கினார். இருப்பதே ஒன்றரை அறை. புகை நிலைப்படி தாண்டி வந்தது. வெளியே வைக்க மனம் வரவில்லை, யாராவது எடுத்துக்கொண்டு போய்விட்டால்? அவள் மறுபடி இருமினாள். அவர் பெட்டியைத் திறந்தார். புகைகிற பனிக்கட்டிகளைக் கழுவுதொட்டியில் கொட்டினார். குப்பிகளை அவள் கைக்குட்டையில் சுற்றி, குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில் பனிக்கட்டி உறையும் இடத்தில் வைத்தார்.

வெயில் தாழ்ந்தபோது அவள் கண் திறந்தாள்.

"பெட்டி எங்கங்க?"

"புகை உனக்கு ஆகலன்னு ஐஸ எல்லாம் கொட்டிட்டேன். பிள்ளைங்க நம்ம பிரிட்ஜுல பத்திரமா இருக்கு."

"எப்ப வச்சீங்க?"

"மத்தியானமே. பயப்படாத, ஐஸ்கிரீமே அங்க கல்லாட்டம் இருக்கு."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு ஏதோ சொல்லக் கூடி, அடங்கியது.

"நல்லதுதான் செஞ்சீங்க. இப்ப மூச்சு சுலபமா இருக்கு. எங்கயும் போகாதீங்க, பக்கத்துல உக்காருங்க."

உட்கார்ந்தார். விளக்கு வைக்கும் நேரத்தில் அவர் பிடித்திருந்த கை, பிடியை விட்டது.

தோழி பால்கேன் போன்ற ஒரு குளிர்கலனைச் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தபோது பக்கத்து வீட்டுக்காரி அழுதுகொண்டிருந்தாள். தோழியும் கட்டிலின் காலடியில் விழுந்து அழுதாள். அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்த அவர், அவளை அழைத்துப்போய்க் கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினார்.

"இந்தா, கண்ணு. ஒண்ணுகூட உடையல."

தோழி குப்பிகளைத் தொடவில்லை. "பெட்டியத் திறந்தீங்களா, மாமா?"

"அவளுக்கு இருமல் தாங்கல. ஏன்?"

"இந்தக் குளிர் அதுங்களுக்குப் பத்தாது."

"உன் கேன்ல வச்சுப் பாரேன். மறுபடி புகையில வச்சா? எல்லாம் வேணாம்மா, ஒண்ணே ஒண்ணு... ஒண்ணாச்சும் பிழைக்காதா?"

இல்லை என்று அவள் தலை அசைந்தது.

"அப்போ... இது அவளுக்குத் தெரியுமா?"

தோழி குனிந்து கலனின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

குப்பிகளை மறுபடி கைக்குட்டையில் சுற்றினார். முடிச்சுப் போட்டார். இருந்த இடத்திலேயே வைத்தார். குளிர்சாதனப் பெட்டியின் கதவு ஒழுங்காகச் சாத்தாது, முழங்காலால் முட்டுக்கொடுத்தால்தான் பிடிக்கும். தினமும் அவளிடம் திட்டு வாங்கித்தான் சாத்துவார். இன்று தானாகவே முழங்காலை வைத்து அழுத்தினார். பிடித்ததா என்று இழுத்துப் பார்த்தார். இன்னொரு முறை அழுத்தினார்.

இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்தீர்களே கண்ணுகளா, உங்கள் வீட்டில் மூச்செல்லாம் சுலபமாக இருக்கட்டும். பக்கத்தில் உட்காரு என்று சொல்ல ஒருவரும், உட்கார ஒருவரும் என்றும் இருக்கட்டும்.