பாரீசுத் தீர்ப்பு

பிரெஞ்சுக்காரன் ஆண்டுவிட்டுப் போன பாகூரின் டீக்கடையில் செல்லப்பன் பேப்பரை உரக்கப் படித்துக்கொண்டிருந்தான். ஊர் வழக்குகள் இன்னும் மேல்முறையீட்டுக்குப் போகும் பாரீசு உச்சக் கோர்ட்டின் தீர்ப்பு இனி இந்த மண்ணில் செல்லக் கூடாது என்று தலையங்கம் எழுதியிருந்தது. செல்லும் என்று எழுதிய எதிர்க்கட்சிப் பேப்பரின்மேல் அவன் உட்கார்ந்திருந்தான்.

பால் ஊற்ற வந்த காசம்மாள் வாசலிலேயே நின்றாள். செத்துப்போன புருஷனின் ஏரிக்கரை நிலம் அவளுக்கே என்று போன மாசந்தான் அந்தக் கோர்ட்டு சொல்லியிருந்தது. எதிர்வாதி, கொழுந்தன் செல்லப்பன்.

"இன்னா அண்ணி, உன் வெள்ளக்காரன் கைவுட்டுட்டானே!"

"டில்லியில நம்ம கோர்ட்டு இருக்கச்சொல்ல பாரீசு எதுக்கும்மா?" என்றான் கடைக்காரக் கலியன். கடையே சிரித்தது.

கொடி மாறிய நாள்வரைக்கும் "பிரெஞ்சுக்காரன் போகக் கூடாது" என்று கத்தியவன் செல்லப்பன். போகச் சொல்லி ஊர்வலத்தில் தொண்டை கிழியக் கூவியவள் அவள். இன்று அவன் உடம்பில் கதர். மனசுக்குள் அந்த வெள்ளைக்காரக் கோர்ட்டைத் தான் கும்பிட்டுக்கொண்டிருப்பதுதான் அவளை எரித்தது.

பாலை ஊற்றாமல் திரும்பினாள். ஏரிக்கரை நிலத்தில் அவன் அடாவடியாக விட்டிருந்த நாற்றங்காலுக்குள் மாட்டை ஓட்டிவிட்டாள்.

அலறிக்கொண்டு ஓடிவந்த செல்லப்பனிடம் சொன்னாள்: "போடா, எந்தக் கோர்ட்டுக்கு வேணும்னாலும் போ. பேப்பர்லயும் போடச் சொல்லு."