டிராண்டர் வீட்டு டாலியாப் பூக்கள்

வில்ஃப்ரெட் டிராண்டர் பக்கவாதம் வந்து விழுந்தது அவருடைய டாலியாப் பாத்திக்கு நடுவில். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபோது உடம்பின் வலப்பக்கம் முழுக்கச் செத்துப்போயிருந்தது. பேச்சும் இல்லை. முன்னறையில் கட்டில் போட்டோம். நான் பக்கத்து வீடு. அவரைப் புரட்டிப் படுக்கவைக்க அவர் மனைவி எட்னாவுக்குத் தனியாக முடியாது என்பதால் தினமும் காலையில் போவேன்.

வில்ஃப்ரெட்டின் டாலியா எங்கள் ஷ்ரோப்ஷயர் பக்கம் பேர்போனது. ஒவ்வொரு பூவும் சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கும். மழை படாமல் பூவுக்குப் பூ சின்னக் குடை கட்டுவார். எல்லாம் ஆகஸ்ட் கடைசியில் நடக்கும் மலர்க் கண்காட்சிக்குத்தான். வீட்டுக்குள் ஒரு பூ வந்ததில்லை.

அந்த ஆகஸ்ட்டில் ஒருநாள் போனால், கட்டிலின் வலப்பக்கம் ஜன்னலோர மேசையில் கண்ணாடி ஜாடி நிறைய டாலியா.

"என்ன எட்னா, வெட்டிட்டியா?"

"வெட்டிட்டேன். இன்னும் வெட்டுவேன்."

வெட்டினாள். கீழ் இலைகளை உருவிவிட்டு, தண்டைச் சாய்வாக நறுக்கி, உயரமானவற்றைப் பின்னாலும் குட்டையானவற்றை முன்னாலும் செருகினாள். கடைசியில் ஒவ்வொரு பூவாகத் திருப்பி, முகம் கட்டிலைப் பார்க்கும்படி வைத்தாள்.

"அவரு பாக்கணும்," என்றாள்.

வில்ஃப்ரெட் அழுதார். சத்தமில்லாமல் கண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கும். படுக்கைப்புண்ணுக்குக் கட்டுப் போட வரும் நர்ஸ் பிரெண்டா அதைப் பார்த்து உருகிப்போனாள். "சந்தோஷத்துல அழறாரு மனுஷன். குடுத்துவெச்சவரு, மிஸஸ் டிராண்டர்." எட்னா இன்னொரு பூவை அவர் பக்கம் திருப்பிவைத்தாள்.

எனக்கு விஷயம் தெரியும். அவர்களுடைய ஒரே மகள் மார்ஜரி பள்ளிக்கூடம் போகிற வயதில் மூளைக்காய்ச்சலில் செத்துப்போனாள். அடக்கம் கண்காட்சிக்கு முந்தின நாள். சவப்பெட்டி மேல் வைக்க நாலைந்து டாலியா கேட்டாள் எட்னா. "நாளைக்கு முடியட்டும், அப்புறம் எல்லாத்தையும் எடுத்துக்க," என்றார் வில்ஃப்ரெட். பிள்ளை வேலியோரத்துப் பச்சை இலைக்கொத்தோடு போனாள். மறுநாள் அவர் கோப்பை வாங்கி வந்தார். அதற்குப் பிறகு அவர்கள் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாமலே கிழமாகிவிட்டார்கள்.

இந்த வருஷக் கண்காட்சியன்று காலை எட்னா மிச்சமிருந்த பூ அத்தனையும் வெட்டிவிட்டாள். ஜாடி போதாமல் பால் குவளையிலும் தேநீர்க் கெண்டியிலும் செருகியிருந்தாள். அன்றைக்குப் பார்த்து டாக்டரம்மா வந்தார். வில்ஃப்ரெட்டின் முகத்துக்கு முன்னால் பேனாவை இங்கும் அங்கும் நகர்த்திப் பார்த்தார்.

"பூவையெல்லாம் ஏன் இந்தப் பக்கம் வெச்சிருக்கீங்க? வலப்பக்கம் இவருக்குக் கண்ணு தெரியாது. அங்க ஒரு மேசை இருக்கிறதே தெரியாது."

"அப்ப அழறாரே?" என்றாள் எட்னா.

"அது வியாதி. கதவு சாத்துற சத்தத்துக்கும் அழுவாரு, கஞ்சியைப் பாத்தாலும் அழுவாரு. மனசுல எடுத்துக்காதீங்க."

டாக்டரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள் எட்னா. பெரிய ஜாடியைத் தூக்கிக்கொண்டு கட்டிலைச் சுற்றி இடப்பக்கம் போய், அவர் கண்ணெதிரே பிடித்தாள்.

பார்த்துவிட்டார். இடக்கையை நீட்டி ஒரு கருஞ்சிவப்புப் பூவின் கழுத்தடியில் இரண்டு விரலைக் கொடுத்து நிமிர்த்தினார். இதழ்களின் பின்பக்கத்தைத் தடவினார். வாயின் ஒரு பாதி சிரித்தது.

"மார்ஜரிக்கு நான் கேட்ட பூ இது," என்றாள் எட்னா. "ஞாபகம் இருக்கா?"

அவர் அவளைப் பார்த்தார். சிரிப்பு மாறவில்லை.

"மார்ஜரி, வில்ஃப். நம்ம மார்ஜரி."

அவர் பூவை ஜாடியிலிருந்து உருவி அவளிடம் நீட்டினார். தண்ணீர் போர்வையில் சொட்டியது. எட்னா வாங்கிக்கொள்ளவில்லை. அவர் நீட்டியபடியே இருந்தார். கடைசியில் நான்தான் வாங்கினேன்.

அக்டோபரில் அவர் போய்ச்சேர்ந்தார். எல்லாம் முடிந்தபின் எட்னா ரெக்ஸமில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது சொன்னாள்:

"வாய் இருந்தப்பவே கேட்டிருக்கணும். திட்டியிருப்பாரு, இல்ல அழுதிருப்பாரு. ஏதாவது ஒண்ணு சொல்லியிருப்பாரு."

பஸ் வந்தது. பெட்டியை ஏற்றிவிட்டேன்.