கார்ஸ்டன் ஒரு தடவைதான் கேட்டார்

2001 அக்டோபரில் எங்கள் கம்பெனி கலிபோர்னியா அலுவலகத்தை மூடுவதென்று முடிவு செய்தது. எங்கள் குழுவில் ஒரே ஒருவருக்கு டெக்சாஸில், ஆஸ்டின் கிளையில் இடம் உண்டு என்றார்கள். மற்றவர்களுக்கு, மேஜையைக் காலி செய்துகொண்டு போக ஆளுக்கொரு அட்டைப்பெட்டி. நான் எச்-1 விசாக்காரன். வேலை போனால் விசா போகும், பாதி வழியில் நிற்கும் கிரீன் கார்டு போகும், மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் எழிலரசியைக் கூட்டிக்கொண்டு கோயமுத்தூருக்கு விமானம் ஏற வேண்டும். அவளுக்குத் தமிழ் புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில்தான் வரும்.

இந்த நிலையில்தான் மேனேஜர் கார்ஸ்டன் சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். என்னையும் மனைவி நாகமணியையும், கூடவே மதனையும். மதன் என் குழுவில் ஜூனியர், பொள்ளாச்சிக்காரன், கல்யாணமாகாதவன். வாரக் கடைசி என்றால் எங்கள் பிளசன்டன் அபார்ட்மென்டில்தான் அவனுக்குச் சோறு.

"ஊட்டுக்காரியவும் கூட்டிட்டு வரச் சொல்றாருன்னா உங்களுக்குத்தானுங்க குடுக்கறாரு," என்றாள் நாகமணி. "மதனைச் சும்மா தொணைக்குக் கூப்புட்டிருக்கறாரு."

இந்தக் கணக்கு எனக்கும் பிடித்திருந்தது. அவள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். நான் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டு, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டேன். எழிலரசியைப் பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் விட்டுவிட்டு, மதன் காரில் போனோம்.

சான் ஃபிரான்சிஸ்கோ துறைமுகத்தில், கடல்சிங்கங்கள் குரைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் அந்த டென்மார்க் ஓட்டல் இருந்தது. மற்ற நாட்களில் டூரிஸ்ட் கூட்டத்தில் நடக்க முடியாது. நியூயார்க்கில் கோபுரங்கள் விழுந்த அந்தச் செப்டம்பருக்குப் பிறகு ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கூரைமேல் பிளைவுட்டில் ஒரு காற்றாலை. மேஜைக்கு மேஜை, சிவப்பில் வெள்ளைச் சிலுவை போட்ட குட்டிக் கொடி. லேஸ் தொப்பி வைத்துப் பரிமாறிய மெக்சிகோக்காரப் பெண் என்னளவுக்குத்தான் டென்மார்க்காரி.

"என் தாத்தா பார்த்தால் கடலில் குதித்துவிடுவார்," என்றார் கார்ஸ்டன். அவருடைய தாத்தா டென்மார்க்கிலிருந்து கப்பலில் வந்தவர். "ஆனால் மீன் மட்டும் நிஜம்."

எங்கள் பக்கம் விருந்துக்குப் போனால் ஒரு முறை இருக்கிறது. "சாப்புடுங்க" என்றால் "வேண்டாங்க, இப்பத்தான் ஆச்சு" என்று சொல்ல வேண்டும். "அட, கொஞ்சூண்டு போட்டுக்குங்க" என்பார்கள். "வயித்துல எடமே இல்லீங்க" என்று நெளிய வேண்டும். அடுத்து, கையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பார்கள். பிறகு நாம் சாப்பிடுகிற வேகத்தைப் பார்த்து அவர்கள் மறுபடி உலை வைக்கப் போவார்கள். கேட்டதும் சரி என்று உட்கார்ந்தவனை ஊர் வருஷக்கணக்கில் பேசும்.

கார்ஸ்டன் பெரிய தட்டை நீட்டினார். கறுப்பு ரொட்டித் துண்டுகள். மேலே புளிக்க ஊறவைத்த ஹெர்ரிங் மீன், இறால், வெங்காய வளையம். எனக்கு மீன் என்றால் உயிர். கவலையில் காலையிலும் சாப்பிட்டிருக்கவில்லை.

"நோ, நோ, தேங்க்ஸ்," என்றேன்.

நாகமணியும் அதையே சொன்னாள். தட்டு மதனிடம் போயிற்று. அவன் இங்கேயே எம்.எஸ். படித்தவன். பார்ட்டி பார்ட்டியாகப் பட்டினி கிடந்து புத்தி வந்தது என்று எங்கள் வீட்டில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறான். வஞ்சனையில்லாமல் அள்ளிக்கொண்டான். தட்டு என் பக்கம் திரும்பவே இல்லை. நானும் நாகமணியும் வெறும் ரொட்டியில் வெண்ணெய் தடவினோம். பாடம் அப்போதே நடத்தியாகிவிட்டது. வகுப்பில் நான்தான் இல்லை.

காபி வந்ததும் கார்ஸ்டன் நாற்காலியை முன்னால் இழுத்தார்.

"வெள்ளி," என்றார். வெள்ளியங்கிரி என்ற என் பெயரில் அவரால் தூக்க முடிந்தது அவ்வளவுதான். "ஆஸ்டின் இடத்தை முதலில் உன்னிடம்தான் கேட்கிறேன். உனக்கு வேண்டுமா?"

தெரிந்த சாமியை எல்லாம் ஒரே மூச்சில் கும்பிட்டேன். வாயைத் திறந்தேன். "இருக்கட்டும் கார்ஸ்டன், நான் எப்படியாவது சமாளித்துக்கொள்வேன். மதன் சின்னப் பையன், அவனையும் பாருங்கள்" என்று நல்ல ஆங்கிலத்தில் வந்தது. அதற்கு நான் பொறுப்பில்லை. வாய் பிறந்த ஊர் அப்படி.

நாகமணி சிரித்த முகம் மாறாமல் தமிழில் சொன்னாள்: "நல்லாச் சொன்னீங்க. ஒடனே சரின்னா அல்பமாட்ட இருக்கும். மறுக்காக் கேப்பாரு, அப்பத் தலையாட்டிருங்க."

"கேக்கட்டும், ஆட்டறேன்."

மேஜையில் தமிழ் தெரிந்த மூன்றாவது ஆள், சர்க்கரையே போடாத காபியைக் கலக்கிக்கொண்டிருந்தான்.

கார்ஸ்டனின் கண் கலங்கியிருந்தது. "இப்படி ஒரு மனிதனை நான் பார்த்ததில்லை," என்றார். நான் மாப்பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டு அடுத்த தடவைக்காகக் காத்திருந்தேன். அவர் மறுபக்கம் திரும்பினார்.

"மதன்?"

"யெஸ்," என்றான் மதன். "ஐ வில் டேக் இட். தேங்க் யூ."

கை குலுக்கிக்கொண்டார்கள். நாகமணியின் சிரிப்பு இறங்க வழி தெரியாமல் முகத்திலேயே நின்றது.

கோட் மாட்டுகிற இடத்தில் கார்ஸ்டனைத் தனியாகப் பிடித்தேன். "நான் யோசித்துப் பார்த்தேன்..." என்று ஆரம்பித்தேன். கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"எதுவும் சொல்லாதே. வேண்டாம் என்றவனிடம் திரும்பக் கேட்பது அவனை அவமதிப்பது என்று எங்கள் வீட்டில் சொல்லி வளர்த்தார்கள்."

"கார்ஸ்டன், எனக்கு அந்த வேலை வேண்டும்."

முதுகிலிருந்த அவர் கைகள் தளர்ந்தன. "உன் கண் முன்னால் அவனுக்குக் கை கொடுத்தேனே, வெள்ளி. கேட்டபோது ஏன் சொல்லவில்லை?"

ஒரு ஜில்லாவையே கோட் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்று எப்படி விளக்குவது? "மீன் ரொம்ப நன்றாக இருந்தது," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

கார் பே பிரிட்ஜைத் தாண்டியது. பின்சீட்டிலிருந்து நாகமணிதான் ஆரம்பித்தாள்.

"ஏம்ப்பா மதனு, நாங்க பேசிக்கிட்டது உங்காதுல உழுந்துச்சா இல்லியா?"

"உழுந்துச்சுங்க்கா."

"அப்பறம்?"

"அவரு மொதல்ல அண்ணனைத்தான் கேட்டாருங்க்கா. அண்ணன் வேண்டாம்னுட்டாரு. அப்பறம் என்னையக் கேட்டாரு. எனக்கும் எச்-1 தானுங்களே."

ஒரு வரியிலும் பிழை இல்லை. புரோகிராமராக நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கடைசி வரியையும் காதில் வாங்கித் தொலைத்தேன். வாங்கியிருக்காவிட்டால் திட்டியிருக்கலாம்.

பிளசன்டன் நெருங்கும்போது அவனே பேசினான். "அண்ணா, ஆஸ்டின்ல எந்தப் பக்கம் ஊடு பாத்தா நல்லாருக்குமுங்? நீங்க விசாரிச்சிருப்பீங்கல்ல?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் ஒருத்தன் கேட்டுவிட்டானே.

"வடக்கால பாரு. ஆபீஸுக்குப் பக்கத்துலயே ஒரு அபார்ட்மென்ட் இருக்குது. கீழ் ஊடாக் கேளு, மேல வெயில் தாங்காது. எதிர்லயே நல்ல ஸ்கூல்..." என்று சொல்லி நிறுத்தினேன். அவனுக்கு எதற்கு ஸ்கூல்?

"ஏனுங், நிறுத்திட்டீங்க?" என்றாள் நாகமணி. "அந்த அபார்ட்மென்ட் ஆபீஸ்காரம்மாகிட்ட நேத்துதான் பேசி, நாலு நாளைக்கு ஒரு ஊட்டை நிறுத்தி வெக்கச் சொல்லியிருக்கறேன். ஜன்னல் வெச்ச ரூமு பாப்பாவுக்குன்னேன். அதையுந் தூக்கிக் குடுத்துருங்க."

மதன் பிளசன்டன் திருப்பத்தில் காரைத் திருப்பினான். பிறகு ரொம்ப மரியாதையாகக் கேட்டான்: "அந்தம்மா நம்பர் இருக்குதுங்களாக்கா?"

நாகமணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நம்பர் எனக்கு மனப்பாடமாகத் தெரியும். சொன்னேன்.