மெத்தையோடு போன புத்தகம்

“தாத்தா, பொஸ்தகத்த மூடிட்டா உள்ள இருக்கவங்களுக்கு மூச்சு முட்டாதா?”

பேத்தி குழல்வாய்மொழி போன வருஷம் இப்படிக் கேட்டாள். அன்றிலிருந்து வல்லிநாயகம் பிள்ளை அந்தப் பெரிய படப் புத்தகத்தை மூடியதே இல்லை. படுக்கையில் தன் பக்கத்திலேயே விரித்து வைத்திருப்பார். இன்று விடியலில் அவர் உயிர் பிரிந்தபோதும் அது அப்படியே கிடந்தது. திருநீறு சிந்திவிடக் கூடாதே என்று மருமகள் இராமலட்சுமிதான் அதன்மேல் போர்வையை இழுத்து மூடினாள்.

இப்போது கட்டிலில் மெத்தை இல்லை. இறந்தவர் படுத்தது வீட்டில் தங்கக் கூடாதென்று, குளிப்பாட்ட வந்தவர்கள் அதைப் போர்வையோடு மடித்துக் கயிறு கட்டி, சிற்றாற்றங்கரைச் சுடுகாட்டுக்கு முன்னதாகவே வண்டியில் அனுப்பிவிட்டார்கள். வெளியே சாரல் பிடித்திருந்தது.

போர்வைக்குள் புத்தகமும் போய்விட்டது இராமலட்சுமிக்கு அப்போதுதான் உறைத்தது. புத்தகம் எதிர்வீட்டு ரெபேக்காள் டீச்சருடையது. டீச்சரின் அண்ணன் கொழும்பிலிருந்து கொண்டுவந்தது. பெரியவர் நெஞ்சுநோயில் படுத்ததும், பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று கொடுத்திருந்தாள்.

மத்தியானங்களில் மாமனாரும் மருமகளும் கை கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகுதான் அதைத் தொடுவார்கள். இரண்டு தலையணைமேல் ஏற்றி வைத்து, படத்தின்மேல் கிடக்கும் மெல்லிய தாளை அவள் விலக்குவாள். ஒரே படத்தில் அவர் அரைமணி நேரம் இருப்பார். மேஜைக்கடியில் தூங்கும் நாய், சன்னல் கண்ணாடியில் ஒரு விரிசல் என்று அவர் ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்க, அவளும் குனிந்து தேடுவாள். குழந்தையை ஏந்திய மாதா படம் வந்தால் கும்பிடுவார்.

“எந்தச் சாமியா இருந்தா என்ன, பிள்ளைய எப்படி இடுக்கிட்டு இருக்கா பாரு.”

பாடை கிளம்பியதும் நாத்தனார் தங்கத்தாயிடம் மெல்ல விஷயத்தைச் சொன்னாள்.

“அப்பா இன்னும் தெரு முக்குத் திரும்பல. ஒனக்குப் பொஸ்தகமாக்கும் கவல?”

அதற்குமேல் யாரிடம் கேட்பது? டீச்சர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையின் இதம் தாங்காமல் இராமலட்சுமி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

டீச்சர் பிடித்த கையை விடவில்லை.

“போகட்டும்ட்டி. நான் பத்து வருஷமா பூட்டித்தான வச்சிருந்தேன். அவருல்லா பாத்தாரு.”

அந்த வார்த்தை ஆறுதலாக இல்லை, கனத்தது. சாரலுக்காக ஊரே வேண்டிக்கொள்ளும் மாதத்தில், அவள் ஒருத்தி சாரல் நிற்கட்டும் என்று குற்றாலநாதரிடம் வேண்டினாள். இரண்டு நாளும் நிற்கவில்லை. ஒவ்வொரு தூறலுக்கும் ஏதோ ஒரு படத்தின் நீலம் கரைந்துகொண்டிருந்தது.

மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், துணி வெளுக்கும் பேச்சிமுத்து கொல்லைப்புறம் வந்து நின்றார். கக்கத்தில் வெள்ளைத்துணிப் பொதி. சுடுகாட்டில் மெத்தையை அவிழ்த்தவர் அவர்தான்.

“ஓரமெல்லாம் நனஞ்சிட்டு, தாயி. மேல துணி போட்டு ஏடு ஏடா இஸ்திரி தேச்சேன். இன்னிக்குக் காலையிலயும் ஒருக்கா தேச்சேன். ஒண்ணும் கருகல. சுடுகாடு போன சாமான வீட்டுக்குள்ள எடுக்க மாட்டியளேன்னுதான் ரெண்டு நாளா யோசன.”

இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். பொதி இன்னும் லேசாகச் சுட்டது.

தீட்டுக்காரி அடுத்தவர் வீட்டுப் படியேறினால் தெரு பேசும். டீச்சர் காலை ஆராதனைக்குப் போயிருந்தாள். தெரு வெறிச்சோடும் வரை காத்திருந்து, முந்தானையால் பொதியை மூடிக்கொண்டு கடந்தாள். கதவு கொண்டி மட்டும் போட்டிருந்தது.

அலமாரியின் கீழ்த்தட்டில் மற்றப் புத்தகங்கள் நெருக்கி நின்றன. நடுவில் ஒரு புத்தகத்தின் அகலத்துக்கு இடம் விட்டு, அவை அங்கே சாய்ந்துவிடாமல் டீச்சர் ஒரு செங்கல்லை நிறுத்தி வைத்திருந்தாள்.

இராமலட்சுமி செங்கல்லை எடுத்துவிட்டுப் புத்தகத்தை வைத்தாள். கொண்டியைப் போட்டாள். செங்கல்லைப் படியோரம் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். சாரலில் அது மெல்லச் சிவந்துகொண்டிருந்தது.